மடக்கு நாற்காலியும் கித்தான் கட்டிலும் வீட்டிலேயே பழுது பார்த்தல்

மடக்கு நாற்காலியோ கித்தான் கட்டிலோ ஒரு முறை கிழிந்துவிட்டால், அது திண்ணையிலிருந்து பரணுக்குப் போகிறது. பரணிலிருந்து சில வருஷங்களில் அடுப்புக்குப் போகிறது. அதனிடத்தில் சந்தையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்து சேர்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி இலேசானது, விலையும் குறைவு என்பது மெய்யே. ஆயினும் வெயிலில் கிடந்து அதன் கால் வெடித்துவிட்டால், அதைச் செப்பனிடத் தச்சராலும் ஆகாது, கொல்லராலும் ஆகாது. மரச்சட்டத்தால் ஆன மடக்குச் சாமான் அப்படிப்பட்டதன்று. அதில் முதலில் கெடுவன பெரும்பாலும் இரண்டே இடங்கள். துணி கழியைச் சுற்றிவரும் மடிப்பு ஒன்று. சட்டங்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுத் திரும்பும் ஆணித்துவாரம் மற்றொன்று. இவ்விரண்டையும் காலத்தில் கவனித்தால் தேக்குச் சட்டம் தகப்பனுக்குப் பின் மகனுக்கும் உழைக்கும்.

பணம் மிச்சமாகும் என்பது மட்டுமே இங்கு விஷயமன்று. சாய்வு நாற்காலியில் வீட்டிலுள்ளவர் அனைவரினும் அதிக நேரம் இருப்பவர் முதியவரோ, நோயினின்று எழுந்தவரோ ஆவர். துணி கிழியும்போது சிறிது சிறிதாக அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கிழிவதில்லை. மடிப்பினுள், கண்ணுக்குப் படாத இடத்தில், ஒவ்வொரு நூலாக அற்று, ஒரு நாள் உட்கார்ந்த மாத்திரத்தில் ஓரத்திலிருந்து ஓரம்வரை பிளந்து விடுகிறது. உட்கார்ந்தவர் பின்புறமாய்ச் சட்டத்தின் குறுக்குக் கட்டையின்மேல் விழுகிறார். இளைஞருக்கு அது சிரிப்பு. எழுபது வயதுக்கு மேற்பட்டவருக்கு அதுவே இடுப்பெலும்பு முறிவாகிப் பல மாதப் படுக்கையாய் முடியலாம்.

இத்தகைய சாமான்கள் நமது வீடுகளுக்கு வந்தவிதம் அறியத்தக்கது. ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டர்களும் தாசில்தார்களும் ஜமாபந்திக்கும் தணிக்கைக்கும் கூடாரங்களுடன் ஊர் ஊராய்ச் சென்றபோது, அவர்களுடைய கட்டில், மேஜை, நாற்காலி யாவும் மாட்டு வண்டியில் ஏறி இறங்க வேண்டியிருந்தன. படைகளின் தேவையும் அதுவே. ஆகவே மடங்குவதும், கழற்றிக் கட்டாகக் கட்டத்தக்கதும், கரடுமுரடான தரையில் ஆடாமல் நிற்பதுமான சாமான்கள் செய்யப்பட்டன. இவற்றுள் மிகச் சிறந்தது ரூர்க்கி நாற்காலி. இப்போது உத்தரகண்ட் மாநிலத்திலுள்ள ரூர்க்கி நகரம் 1853 முதல் வங்காளப் பொறியாளர் படையின் இருப்பிடம். அவ்வூரின் பெயரால் வழங்கும் இந்நாற்காலி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படை அதிகாரிகளிடையே பரவியது. கடைசல் பிடித்த நான்கு கால்கள். அவற்றின் துவாரங்களில் செருகும் கூம்பு முனையுள்ள குறுக்குச் சட்டங்கள். தோல் அல்லது கித்தானால் ஆன இருக்கை. இவ்வளவே அது. பசை இல்லை, ஆணி அடிப்பும் இல்லை. உட்காருபவரின் பாரமே கூம்பு முனைகளைத் துவாரங்களில் இறுக்கி வைக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த காரே கிளிண்ட் என்னும் நிபுணர் 1933-இல் அமைத்த புகழ்பெற்ற ஸஃபாரி நாற்காலி இதையே மாதிரியாகக் கொண்டது.

ரூர்க்கி நாற்காலியைப் பற்றி இங்குக் கூறுவது பெருமைக்காக அன்று. மடக்குச் சாமானைப் பழுது பார்ப்பவர் முதலாவதாக அறிய வேண்டியது அதில் விளங்குகிறது. சாதாரண நாற்காலியில் சட்டம் பாரத்தைத் தாங்குகிறது, துணியோ பிரம்போ வெறும் இருக்கையே. மடக்குச் சாமானிலோ துணி சட்டத்தின் ஓர் அங்கம். துணி சட்டங்களை இழுத்துப் பிடிக்கிறது. சட்டங்கள் துணியை விரித்துப் பிடிக்கின்றன. ஒன்று தளர்ந்தால் மற்றது சிதையும். ஆணித்துவாரம் தேய்ந்து சட்டம் ஒருபுறம் சாய்ந்து நின்றால், பாரம் முழுவதும் துணியின் ஓர் ஓரத்திலேயே விழும், அவ்வோரம் அறும். இதையறியாமல் சட்டத்தைத் தொடாமல் புதுத்துணி மட்டும் மாட்டுகிறவர்கள், மறுவருஷமும் துணி வாங்குகிறார்கள். துணி சரியில்லை என்று கடைக்காரரைக் குறை கூறுகிறார்கள். ஆதலின் பழுது பார்க்கும் வரிசை, முதலில் மூட்டு, அடுத்து மரம், கடைசியில் துணி என்று இருக்க வேண்டும்.

மூட்டு

வேலையைத் தொடங்குமுன் துணியைக் கழற்றிவிட்டு, சட்டத்தை விரித்து நிறுத்தி, மேற்கட்டையைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் அசைவது மடக்குச் சாமானின் இயல்பு. பக்கவாட்டில் ஆடினால் மூட்டு தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆணியைக் கழற்றித் துவாரத்தைப் பார்த்தால், வட்டமாயிருந்த அது முட்டை வடிவில் நீண்டிருப்பது தெரியும்.

இவ்வாறு நீண்ட துவாரத்தில் பெரிய ஆணி ஒன்றைச் செலுத்திவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரிய ஆணி குறுகிய திசையில் மட்டும் தொட்டு நிற்கும். ஆட்டம் சில நாளில் திரும்பிவிடும். சரியான முறை வேறு. துவாரத்தைத் துரப்பணத்தால் நன்றாக வட்டமாகப் பெரிதாக்க வேண்டும். கருவேலம், பூவரசு போன்ற வைரம் பாய்ந்த மரத்தில், அத்துவாரத்துக்குச் சரியான பருமனில் ஒரு முளை சீவி, பசை தடவி அடித்து, ஓர் இரவும் பகலும் காயவிட்டு, இருபுறமும் மட்டமாக அறுத்து, உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். பிறகு முன்பிருந்த இடத்திலேயே, முன்பிருந்த அளவிலேயே புதுத்துவாரம் இடலாம். இரு பக்கச் சட்டங்களிலும் துவாரங்கள் ஒரே உயரத்தில் வருவது மிக முக்கியம். ஒரு சட்டத்தின்மேல் மற்றொன்றை வைத்துக் குறியிட்டுக்கொண்டால் பிசகு நேராது. ஒரு பக்கத் துவாரம் கால் அங்குலம் ஏறினாலும் நாற்காலி கோணலாகவே விரியும்.

சட்டம் மெல்லியதாயிருந்து, முளை அடித்தால் பிளக்கும் என்ற பயமிருந்தால், ஆணி நுழையக்கூடிய சிறு பித்தளைக் குழாய்த் துண்டைத் துவாரத்துக்குள் பொருத்துவது இன்னும் நல்லது. அப்போது ஆணி மரத்தின்மேல் திரும்பாமல் பித்தளையின்மேல் திரும்பும். தேய்மானம் மிகக் குறையும்.

ஆணியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. முனைமுதல் தலைவரை மரை வெட்டிய போல்ட்டு மலிவாகக் கிடைக்கும். அதை மூட்டில் போட்டால் மரை அரம்போல் வேலை செய்து, மடக்கும் ஒவ்வொரு தடவையும் மரத்தைச் சிறிது அறுத்துக்கொண்டே இருக்கும். மரத்தினுள் இருக்கும் பகுதி வழுவழுப்பாகவும், நட்டு ஏறும் நுனியில் மட்டும் மரையாகவும் உள்ள போல்ட்டையே வாங்க வேண்டும். தலைக்கு அடியிலும், நட்டுக்கு அடியிலும், இரு சட்டங்களுக்கு நடுவிலும் ஒவ்வொரு வாஷர் போட வேண்டும். நடு வாஷரை மறந்துவிடுகிறவர்களே அதிகம். அது இல்லாவிடில் மரம் மரத்தோடு உராய்ந்து, மழைக்காலத்தில் ஊறிப் பருத்து, நாற்காலியை மடக்க இரண்டு ஆள் வேண்டியதாகிவிடும். நட்டை முழு பலத்தோடு முறுக்கக் கூடாது. சட்டம் தாராளமாகத் திரும்பும் அளவுக்கு விட்டு, இரண்டாவது நட்டு ஒன்றை அதன்மேல் ஏற்றி, இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக இறுக்கினால் அவை தாமாகக் கழலா.

சாய்வு நாற்காலியின் பின்தாங்கல் பொருந்தும் பல்வெட்டுகளையும் இச்சமயத்திலேயே பார்த்துவிட வேண்டும். நாளடைவில் பல்லின் முனை மழுங்கி, தாங்கல் கட்டை வழுக்கத் தொடங்கும். உட்கார்ந்திருக்கும்போது வழுக்கினால் நாற்காலி ஒரேயடியாய்ப் படுத்துவிடும். பக்கத்தில் கை வைத்திருந்த குழந்தையின் விரல் சட்டங்களுக்கிடையே நசுங்கும். மழுங்கிய பல்லை உளியால் ஆழப்படுத்தலாம். ஆழப்படுத்த மரம் போதாதெனில், பல்வெட்டுள்ள பகுதியின் உட்புறம் வேறொரு மரத்துண்டைப் பசையோடும் திருகாணிகளோடும் சேர்த்து, இரண்டிலும் ஒருங்கே புதுப்பல் வெட்ட வேண்டும்.

மரம்

சட்டத்தில் விரிசல் கண்டால் அது எவ்வழியாக ஓடுகிறது என்பதே கேள்வி. மரத்தின் நரம்போடு நீளவாட்டில் ஓடும் பிளவு நன்றாக ஒட்டும். பிளவினுள் உள்ள தூசியையும் பழைய பசையையும் மெல்லிய கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப்பசையை உள்ளே செலுத்தி இறுக்க வேண்டும். தச்சர்களிடமுள்ள இறுக்குக் கருவி வீட்டில் இராது, அதனால் குறைவில்லை. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, அதனிடையே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால், வேண்டிய இறுக்கம் கிடைக்கும். கயிறு மரத்தில் பதியாதிருக்கக் கீழே ஒரு துணி மடித்து வைக்கலாம். முன்பு தச்சர்கள் காய்ச்சிய வச்சிரப் பசை ஒன்றையே நம்பியிருந்தனர். இப்போது கடைகளில் விற்கும் வெள்ளைப் பசை போதுமானது. ஆனால் பழைய சாமான்களில் இருப்பது வச்சிரமே என்பதை மறக்கக் கூடாது. மூட்டைப்பூச்சிக்காக இடுக்குகளில் கொதிநீர் ஊற்றும் வழக்கம் உண்டு. பூச்சி சாகும் என்பதில் சந்தேகமில்லை, வச்சிரமும் இளகிவிடும். கொதிநீர் ஊற்றியபின் எல்லா ஒட்டுகளையும் சோதித்துப் பார்த்து, நன்றாகக் காய்ந்த பிறகே துணி மாட்ட வேண்டும்.

நரம்புக்குக் குறுக்கே, அதிலும் ஆணித்துவாரத்தின் அருகே முறிந்த சட்டத்தை ஒட்டுவது ஆபத்து. அங்கே தகரப்பட்டை சுற்றி ஆணியடித்து வைத்திருப்பதைப் பல வீடுகளில் காணலாம். பார்வைக்கு உறுதியாய்த் தோன்றும், பாரம் தாங்காது. அந்த ஒரு சட்டத்தை மட்டும் கழற்றி, அதை மாதிரியாகக் கொண்டு புதிதாய் ஒன்றை அறுத்துப் போடுவதே தகுந்தது. ஒரு சட்டத்துக்கு வேண்டிய மரம் அதிகமன்று; உடைந்து போன கதவுச் சட்டத்திலிருந்துகூட அது கிடைக்கும். சட்டத்தின் முனையருகே ஆணியோ திருகாணியோ ஏற்றும்போது, முன்கூட்டியே சிறு துவாரமிட்டுக்கொள்ளாவிடில் மரம் பிளக்கும்.

துணி

துணி மாட்டும் கழிகளை முதலில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கழியில் கூர்விளிம்போ, சிராயோ, பழைய ஆணித்தலையோ இருந்தால், எத்தனை நல்ல துணியும் அவ்விடத்திலேயே அறும். கழி வளைந்திருந்தால் அதை மாற்றுவது உத்தமம்; வளைந்த கழியில் துணியின் நடுப்பகுதி தொய்ந்து ஓரங்கள் மட்டும் பாரம் சுமக்கும். நேரான கழியை உப்புத்தாளால் உருண்டையாக வழவழவென்று தேய்த்துக்கொள்ளலாம்.

பழைய துணி முழுவதும் போய்விட்டதா, பத்தை போட்டால் உழைக்குமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கிழிசலிலிருந்து ஒரு சாண் தள்ளி, நன்றாயிருப்பதாகத் தோன்றும் இடத்தில், இரு கட்டைவிரல்களாலும் துணியை அழுத்திப் பிடித்துப் பலமாக இழுக்க வேண்டும். நூல் படபடவென்று விட்டால் துணி மக்கிவிட்டது. அதில் பத்தை போடுவது வீண் வேலை. நூல் தாங்கினால், பத்தையை அடிப்புறமாக வைத்து, கிழிசலுக்கு அப்பால் எல்லாப் பக்கமும் 3 அங்குலமாவது நல்ல துணியின்மேல் படியும்படி தைக்கலாம். பத்தையின் மூலைகளை வட்டமாக வெட்டிவிட்டால் மூலையிலிருந்து பெயராது. ஆனால் கிழிசல் கழி மடிப்பிலேயே இருந்தால், பத்தை என்ற பேச்சுக்கே இடமில்லை.

புதுத்துணி எடுக்கும்போது தறி நெய்பவர்களைக் கலந்துகொள்வது நல்லது. தடித்த பருத்திக் கித்தான், அல்லது சாய்வு நாற்காலிக்கென்றே பட்டை போட்டு நெய்யப்படும் முரட்டுத் துணி ஏற்றது. நாற்காலியின் நீளவாட்டில் பாவு நூல் ஓட வேண்டும். ஊடை ஓடக் கூடாது. மேற்கழியிலிருந்து கீழ்க்கழிக்குப் பாரம் இழுப்பது அத்திசையிலேயே ஆதலின், முறுக்கேறிய பாவே அதைத் தாங்கத்தக்கது. மேலும் அப்படி வைத்தால் துணியின் இரு கரைகளும் நாற்காலியின் இரு ஓரங்களாக அமைந்துவிடும். ஓரம் மடித்துத் தைக்க வேண்டுவதில்லை, பிரியவும் பிரியாது. அகலம் மிகுந்த துணியை வாங்கிக் கரையை வெட்டி எறிந்துவிடுவது, காசு கொடுத்து வாங்கிய பலத்தை வெட்டி எறிவதாகும். ஆகவே நாற்காலியின் அகலத்தை முதலில் அளந்துகொண்டு, அதற்கு ஏறக்குறையச் சமமான அகலமுள்ள துணியைத் தேட வேண்டும்.

பருத்தித் துணியை வெட்டுமுன் ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். அவ்வாறு செய்யாமல் தைத்துவிட்டு, முதல் தடவை வெளுத்து எடுத்தபின் கழிகள் துவாரங்களுக்கு எட்டவில்லையென்று திகைப்பவர் உண்டு.

நீளம் அளப்பதே கடினமான பகுதி. பழைய துணியை அப்படியே அளந்தால், அது பல வருஷப் பாரத்தில் நீண்டு தொய்ந்திருக்கும். புதுத்துணியும் சிறிது நீளும். ஆதலின் தையற்காரர் சொல்லும் கணக்கை நம்புவதைவிட, நாற்காலியையே கேட்டுத் தெரிந்துகொள்வது மேல். மேற்கழியின் வெளியோரத்திலிருந்து கீழ்க்கழியின் வெளியோரம்வரை வேண்டிய நீளத்தோடு, இரு முனைகளுக்கும் 4 அங்குலம் வீதம் சேர்த்து வெட்டி, ஒரு முனையை மட்டும் முழுமையாகத் தைக்க வேண்டும். மறு முனையைப் பெருந்தையலாக நெருக்கமாய் ஓட்டி, கழியைச் செருகி, தரையை ஒட்டி ஒரு கோணியில் மணல் நிரப்பித் துணியின்மேல் ஓர் இரவு வைத்துவிடலாம். மறுநாள் துணி எவ்வளவு இறங்கியிருக்கிறது, கீழேயுள்ள குறுக்குக் கட்டையில் இடிக்கிறதா என்பதைப் பார்த்துத் திருத்திக்கொண்டு, பிறகு முழுத்தையல் போட வேண்டும். பெருந்தையலின்மேல் எவரும் உட்காரலாகாது என்று சொல்ல வேண்டுவதில்லை.

ஓர் அங்குலப் பருமனுள்ள கழியின் சுற்றளவு 3 அங்குலத்துக்குச் சற்று மேல். ஆகவே விளிம்பை அரை அங்குலம் உள்ளே மடித்து, கழி நுழையத் தாராளமாக இடம் விட்டாலும், முனைக்கு 4 அங்குலத்தில் மூன்று வரிசைத் தையலுக்கு இடம் கிடைக்கும். மூன்று வரிசைக்குக் குறையக் கூடாது. தையல் மிகப் பொடியாயிருந்தால் பலம் என்று எண்ணுவதும் தவறு. நெருங்கிய ஊசித்துளைகள் தபால்தலையின் ஓரம்போல் ஆகி, அவ்வழியே துணி கிழியும். அங்குலத்துக்கு 6 அல்லது 7 தையல் போதும். இயந்திரம் இல்லாத வீட்டில் கோணி ஊசியும், தேன்மெழுகு தடவிய முரட்டு நூலும் கொண்டு, ஒவ்வொரு தையலுக்கும் பாதியளவு பின்வாங்கிப் போடும் எதிர்த்தையலாகக் கையாலேயே தைக்கலாம். இதில் ஒரு நூல் அறுந்தாலும் முழுவரிசையும் பிரிந்துவிடாது. நைலான் நூல் பலமானது. ஆயினும் வெயிலில் நாள்தோறும் கிடக்கும் சாமானில் அது இற்றுப்போகும். அதற்குப் பாலியெஸ்டர் நூல் மேலானது.

இரு முனை மடிப்புகளையும் ஒரே அளவில் தைத்து வைத்தால் மற்றொரு பயன் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை துணியைக் கழற்றித் தலைப்புறத்தைக் காற்புறமாக மாற்றி மாட்டலாம். உட்காருமிடம் மாறுவதால் தேய்மானம் இரு பாதிகளுக்கும் பங்காகிறது.

கட்டிலும் முக்காலியும்

கித்தான் கட்டிலுக்கு மேற்கூறியவை யாவும் பொருந்தும். துணி இரு பக்கக் கழிகளில் செருகப்பட்டு, மூன்று ஜோடிக் குறுக்குக் கால்களால் விரித்து நிறுத்தப்படுவது பொதுவான அமைப்பு. இதில் முதலில் கெடுவது நடு ஜோடிக் கால். படுத்தவரின் இடுப்புப் பாரம் அங்கே விழுகிறது. நடுக்காலில் மூட்டு தளர்ந்தால் மற்ற இரண்டும் வளைந்து கொடுக்கத் தொடங்கும். ஆகவே கட்டிலில் வேலை நடுவிலிருந்து தொடங்க வேண்டும். துணியைக் கழியில் செருகாமல் ஆணியடித்து மாட்டியிருக்கும் கட்டில்களில், இரும்பாணியின் துரு துணியைத் தின்றுவிடும். பித்தளை ஆணியாக மாற்றி, ஆணித்தலைக்கும் துணிக்கும் நடுவே ஒரு தோல் வாரோ தடித்த நாடாவோ வைத்து அடித்தால் துணி நெடுநாள் நிற்கும். பழைய செருப்பின் வார் இதற்குப் போதும்.

இரும்புக் குழாயால் ஆன மடக்குக் கட்டில்கள் இப்போது மிகுதி. அவற்றின் நாடா போனால் மாற்றுவது எளிது. ஆனால் நாடாவை ஒரு பக்கத்திலிருந்தே பலங்கொண்டு இழுத்துக்கொண்டு போகக் கூடாது. மெல்லிய குழாய் உட்புறம் வளைந்து, கடைசி வரிசைகள் தொய்ந்துவிடும். நடுவில் தொடங்கி இருபுறமும் மாறி மாறிக் கட்ட வேண்டும். நாடாவுக்குப் பதிலாக நூல் கயிறு போடுகிறவர்கள் அது ஈரத்தில் சுருங்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். காய்ந்த கயிற்றை மிக இறுக்கிக் கட்டிவிட்டு மழையில் விட்டால் சட்டம் வளைவது உறுதி. காலடியிலுள்ள ரப்பர் குப்பியைக் கழற்றிப் பார்ப்பவர் சிலரே. அதனுள் தண்ணீர் தேங்கிக் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். சிறு சுத்தியலால் தட்டினால், நல்ல குழாய் கணீரென்றும், தின்னப்பட்ட குழாய் மந்தமாகவும் ஒலிக்கும். துரு மேலாக இருந்தால் சுரண்டித் துடைத்து, ரெட் ஆக்ஸைடு பூசி, அதன்மேல் பெயின்ட் அடிக்கலாம். ஓட்டை விழுந்துவிட்டால் வீட்டில் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. பட்டறைக்குத்தான் போக வேண்டும். மூட்டில் தறையாணி தேய்ந்திருந்தால், அதன் தலையை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, மேலே சொன்னபடி வழுவழுப்பான போல்ட்டும் இரட்டை நட்டும் போடலாம்.

துணி வைத்த மடக்கு முக்காலியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை வேண்டும். அதில் கால்கள் அகலாமல் பிடித்திருப்பது துணி மட்டுமே. துணி போனால் கால்கள் தரையோடு விரிந்து, உட்கார்ந்தவரை அப்படியே கீழே விடும். துணிக்கு அடியில், கால்களின் மேல்முனைகளுக்குக் குறுக்கே இருபுறமும் ஒவ்வொரு பலமான வாரைக் கட்டிவிட்டால், துணி என்றாவது கிழிந்தாலும் முக்காலி நிற்கும். செலவு சொற்பம், கல்யாண வீடுகளில் இம்முக்காலியில் உட்காருபவர் யார், என்ன எடை என்று யாரும் கேட்பதில்லையாதலால் இது மிக அவசியம்.

வேலை முடிந்தபின் எதையும் மனிதர் உட்கார்ந்து சோதிப்பது முறையன்று. வீட்டிலுள்ளவருள் மிகக் கனமானவரைவிடக் கனமான மணல் மூட்டையை வைத்து, ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, மூட்டுகளையும் தையலையும் பார்க்க வேண்டும். பிறகு மூட்டையை எடுத்துவிட்டு, நாற்காலியைப் பத்துத் தடவை மடக்கி விரித்து, நட்டுகள் தளர்ந்தனவா என்று கவனிக்க வேண்டும்.

சங்கத்திலோ, ஊர்ப்பொதுவிலோ மடக்குச் சாமான்களை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வாடகைக்கு விடும் ஊர்களில், சாமான் கெடுவது பயன்பாட்டினால் அன்று. திரும்பி வரும் நிலையினால். மழையில் நனைந்த கித்தானை அப்படியே மடக்கிக் கட்டி அறையில் போட்டால் சில நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும். கருப்புப் புள்ளியாய்த் தோன்றுவது அழுக்கன்று. அங்கே நூல் மக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆகவே வாடகைச் சாமான் திரும்பும்போது எண்ணி வாங்கிக்கொள்வதோடு நிறுத்தாமல், ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, ஈரமானவற்றை நிழலும் காற்றும் உள்ள இடத்தில் காயவிட்டே அடுக்க வேண்டும். சட்டத்தின் உட்புறத்தில் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, துணி மாற்றிய மாதமும் வருஷமும் பெயின்டால் குறித்துவிட்டால், எந்த நாற்காலி எப்போது பார்க்கப்பட்டது என்பதற்குத் தனியாக ஏடு வேண்டுவதில்லை. சுவரில் இரண்டு முளை அடித்துத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கவிட்டால் கறையானும் எளிதில் எட்டாது. சுண்ணாம்புச் சுவரில் துணி படாமல் ஒரு சட்டம் குறுக்கே வைத்துவிட்டால் போதும்.